எல்.எல்.எம். நுழைவுத் தேர்வை மாவட்டக் கல்லூரிகள் கைகழுவலாமா?

கடந்த மூன்று ஆண்டுகளாக டிசம்பர் முதல் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரு தேர்வு நடக்கிறது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் கிளாட் தேர்வு அது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு தாள், சட்டப் பட்டம் பெற்று எல்.எல்.எம். சேர விரும்புகிறவர்களுக்கு இன்னொரு தாள். முதல் தாளைப் பற்றியாவது பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. இரண்டாவது தாளைப் பற்றி எங்கள் நாமக்கல் மாவட்டத்தில் வக்கீல்களிடம் கேட்டால்கூட பலரும் யோசிக்கிறார்கள். "கேஸ் நடத்த பி.எல். போதாதாங்க? எதுக்கு எல்.எல்.எம்.?" என்பதுதான் பார் அசோசியேஷன் அறையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி.

வழக்கு நடத்தப் பி.எல். போதும். ஆனால் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தப் போதாது. நெட் தேர்வு எழுதி உதவிப் பேராசிரியர் ஆகவும், முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகவும் எல்.எல்.எம். வேண்டும். என்.டி.பி.சி., ஓ.என்.ஜி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் சட்ட அதிகாரிகளை எடுக்கும்போது இதே கிளாட் மதிப்பெண்ணைப் பார்த்திருக்கின்றன. நாளைக்கு நம் பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லித்தரப் போகிறவர்கள் யார், சட்டத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதப் போகிறவர்கள் யார் என்பதில் பெரும் பங்கை அந்த இரண்டு மணி நேரத் தேர்வு முடிவு செய்துவிடுகிறது. அந்த வரிசையில் கொல்லிமலை அடிவாரத்திலிருந்தும் ஆள் நிற்க வேண்டும். அதற்கான வேலையை அரசு சட்டக் கல்லூரிகள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேளுக்குறிச்சிக்காரி. எங்கள் ஊரைச் சனிக்கிழமைச் சந்தையை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். கோடை நெருங்கும்போது வருஷத்துக்கு வேண்டிய மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள் வாங்க நாமக்கல், சேலம் பக்கமிருந்தெல்லாம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். மலையிலிருந்து மிளகு இறங்கும். என் அப்பா அந்தச் சந்தையில் கடை போட்டவர். நான் சேலத்தில் சட்டம் படித்தேன். ராசிபுரம், நாமக்கல் கோர்ட்டுகளில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். பெரும்பாலும் பாகப்பிரிவினை, வண்டித்தடம், கிணற்றுப் பங்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கேஸ் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஜூனியர்கள் இரண்டு மூன்று பேருடன் இந்தத் தேர்வுக்குப் படிக்க உட்காருகிறேன். அவர்களில் ஒரு பெண் கொல்லிமலையைச் சேர்ந்தவள். செம்மேட்டுப் பக்கம் ஊர். வார நாட்களில் இங்கே சித்தி வீட்டில் தங்கி என்னோடு கோர்ட்டுக்கு வருகிறாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவளைப் பற்றி இந்தக் கட்டுரையில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேர்வின் அமைப்பு சுலபமாகத்தான் தெரியும். 120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்கு கால் மதிப்பெண் கழிவு. அரசியல் சட்டம், சட்டவியல், நிர்வாகச் சட்டம், ஒப்பந்தம், தீங்கியல், குடும்பச் சட்டம், குற்றவியல், சொத்துரிமை, கம்பெனிச் சட்டம், சர்வதேசச் சட்டம், வரி, சுற்றுச்சூழல், தொழிலாளர் சட்டம் என்று பாடத்திட்டம் நீளும். இவையெல்லாம் பி.எல். படித்தவர்கள் ஏற்கெனவே தாண்டி வந்த பாடங்கள்தான். ஆனால் கேள்விகள் நேராக வருவதில்லை. ஒரு தீர்ப்பிலிருந்தோ சட்டத்திலிருந்தோ நீண்ட ஆங்கிலப் பத்தி ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள். கீழே வரிசையாகக் கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் அந்தப் பத்தியைப் படிக்கும் நேரமும் அடங்கும். தாள் முழுக்க ஆங்கிலம். வேறு மொழியில் எழுத வழி இல்லை.

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் கொடுத்த தீர்ப்பை எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே ஒருவர் உயில் எழுதாமல் இறந்திருந்தாலும், அவருடைய சுயார்ஜித சொத்து மகளுக்கு வாரிசு உரிமையாக வரும் என்று சொன்ன தீர்ப்பு. மகன் இல்லை என்றால் பங்காளி வீட்டுக்குத்தான் சொத்து என்று ஊரில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்கு நீதிமன்றம் பழைய தர்ம சாஸ்திர உரைகள்வரை போய்ப் பதில் சொல்லியிருக்கிறது. நீதிபதிகள் அப்துல் நசீரும் கிருஷ்ண முராரியும் அடங்கிய அமர்வு வழங்கியது. பக்கங்கள் அதிகம். நான் நடுவிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து, படித்துவிட்டு மூன்று வரியில் தமிழில் சொல்லுங்கள் என்றேன்.

மலைப்பெண் கடைசியாகத்தான் முடித்தாள். ஆனால் அவள் கேட்ட கேள்வியை மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை.

"அக்கா, இந்தச் சட்டம் எங்களுக்கு வராதுங்களே?"

அவள் சொன்னது சரி. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இரண்டாவது பிரிவிலேயே, இரண்டாம் உட்பிரிவில், மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலொழிய இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று இருக்கிறது. கொல்லிமலையின் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். சமவெளியில் கவுண்டர் வீட்டுப் பெண்ணுக்கும் முதலியார் வீட்டுப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் பங்கு தரும் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல் வந்தது, மத்தியத் திருத்தம் 2005இல் வந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கிற பெண்ணுக்கு அந்த இரண்டு திருத்தமும் எட்டவில்லை. அங்கே வழக்கம்தான் சட்டம்.

அன்றைக்குப் பாடம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. திரும்பட்டும் என்று விட்டுவிட்டேன். 2022 டிசம்பரில் கமலா நேதி வழக்கில், பழங்குடிப் பெண்களுக்கு வாரிசுரிமை மறுக்கப்படுவது பற்றிச் சட்டத் திருத்தம் கொண்டுவருவதை யோசிக்கும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது உச்ச நீதிமன்றம். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், சரவணன் எதிர் செம்மாயி வழக்கில், பழங்குடிப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு உண்டு என்றது. 2025 ஜூலையில் ராம் சரண் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்ணை விலக்கும் வழக்கம் இருப்பதாக நிரூபிக்கப்படாதபோது அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி அவளுக்குச் சமபங்கு கொடுத்தாக வேண்டும் என்று கோண்டு இனக் குடும்பத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நேரடியாகப் பழங்குடியினருக்குப் பொருத்த முடியாது என்றும் சொன்னது. இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் குடும்பச் சட்டம், அரசியல் சட்டம், சட்டவியல் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். தேர்வுக்கும் இதைவிட நல்ல தயாரிப்பு கிடையாது.

கொல்லிமலை மலையாளிகளிடையே பெண்ணுக்கு நிலம் எப்படிப் போகிறது, எப்படிப் போகாமல் நிற்கிறது, ஊர்ப் பெரியவர்கள் எதைச் சொல்லித் தீர்க்கிறார்கள், பட்டா யார் பெயரில் ஏறுகிறது என்று ஒரு எல்.எல்.எம். ஆய்வேடு எழுதப்பட வேண்டும். அதை எழுதத் தகுதியான ஆள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். டெல்லியிலோ பெங்களூரிலோ பயிற்சி மையத்தில் படித்து வருகிற ஒருவர் அவளைவிட வேகமாக அந்தப் பத்தியைப் படித்துவிடுவார். அவள் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்க அவரால் ஆகாது. வேகத்தை அளக்கிற தேர்வில் இவள் பின்தங்குகிறாள் என்றால், நஷ்டம் இவளுக்கு மட்டும் இல்லை, சட்டக் கல்விக்கும்தான்.

அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்துப் புரிந்துகொள்ளும் திறனை அளப்பது நியாயம். உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஆங்கிலத்தில்தான் தீர்ப்பு எழுதுகின்றன; எல்.எல்.எம். படிக்க வருகிறவருக்கு ஆங்கிலத் தீர்ப்பைப் படிக்க வர வேண்டும். ஆனால் தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் பி.எல். தேர்வைத் தமிழிலேயே எழுதிப் பட்டம் வாங்க வழி இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடக்கிறது. இப்படித் தமிழில் சட்டம் கற்றவரை ஒரே நாளில் ஆங்கிலத்தின் வேகத்தை மட்டும் வைத்து எடை போடுவது சரியல்ல. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுநிலைத் தேர்வில் சட்டத் தாள் ஆங்கிலத்தோடு இந்தியிலும் வருகிறது. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்கும் டெல்லி பல்கலைக்கழகத்துக்கும் அந்த வழியில் எல்.எல்.எம். போகலாம். இந்தியில் படித்தவருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது, தமிழில் படித்தவருக்கு அதுவும் இல்லை. இளநிலை கிளாட்டைப் பிராந்திய மொழிகளில் நடத்தக் கோரி 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போடப்பட்டபோது இந்திய பார் கவுன்சிலே அந்தக் கோரிக்கையை ஆதரித்தது. முதுநிலைக்கும் அந்தக் கோரிக்கையைத் தமிழ்நாடு அரசு முன்னெடுக்க வேண்டும். கேள்விகளையாவது தமிழிலும் கொடுக்கட்டும். பத்தி ஆங்கிலத்திலேயே இருந்தாலும் பரவாயில்லை.

அது வரும்வரை காத்திருக்க முடியாது. என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது.

நாங்கள் படிக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பயிற்சி மையங்களின் தடித்த புத்தகங்களை நாங்கள் தொடுவதில்லை. முதலில் பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாத சட்ட மூலம். அரசியல் சட்டத்தைப் பிரிவு பிரிவாக வாய்விட்டுப் படிப்பது. அடுத்தது தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் தன் தீர்ப்புத் தொகுப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கு முன்பு சீனியரின் அலமாரியில் மட்டும் இருந்த தொகுதிகள் இப்போது கைபேசியில் இருக்கின்றன. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தலைக்குறிப்பை மறைத்துவிட்டுத் தீர்ப்பின் உடலைப் படிக்கச் சொல்வேன். பென்சிலோடு உட்கார்ந்து, "நாட்வித்ஸ்டாண்டிங்", "சப்ஜெக்ட் டு", "புரொவைடட் தட்" வரும் இடமெல்லாம் வட்டம் போட வேண்டும். விதி எங்கே முடிந்து விலக்கு எங்கே தொடங்குகிறது என்பது அந்த இடங்களில்தான் தெரியும். தேர்வில் விடையை மாற்றிப் போட வைப்பதும் அங்கேதான். பிறகு நீதிபதி எந்தக் கட்சியின் வாதத்தைச் சொல்கிறார், எங்கே தன் முடிவைச் சொல்கிறார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அநேகம் பேர் தடுமாறுவது இதில்தான். தோற்றவர் வக்கீலின் வாதத்தை நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று நினைத்து விடை போட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டு வழக்குகளிலிருந்து தொடங்குவது என் வழக்கம். ஏ.கே. கோபாலன், ரொமேஷ் தாப்பர், சம்பகம் துரைராஜன் மூன்றுமே சென்னை மாகாணத்து வழக்குகள். 1950இலும் 1951இலும் தீர்ப்பானவை. அடிப்படை உரிமை பற்றிய பாடம் முழுவதையும் இவற்றிலிருந்து தொடங்கி நடத்திவிடலாம். சுற்றுச்சூழலுக்கு 1996இன் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்த கதை. குழந்தைத் தொழிலாளருக்கு அதே ஆண்டின் சிவகாசி வழக்கு. அந்தரங்க உரிமைக்கு ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ஒட்டி வந்த 1994ஆம் ஆண்டு ராஜகோபால் வழக்கு. ஊர் பெயர் தெரிந்த வழக்கு மனதில் நிற்கிறது. அங்கிருந்து கேசவானந்த பாரதி, புட்டசாமி வழக்குகளுக்குப் போவது சிரமமாக இல்லை.

குற்றவியலில் மட்டும் இரட்டைச் சுமை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 302 என்றால் கொலை என்று குழந்தைக்கும் தெரியும். இப்போது அது 103. மோசடிக்கு 420 போய் 318. தீர்ப்புகளெல்லாம் பழைய எண்ணில், கேள்விகள் புதிய எண்ணில் வரலாம். இரண்டையும் ஒரே அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படிப்பதற்கு இத்தனை செலவில்லாத வழிகள் இருந்தும் காசு வேறு இடத்தில் நிறுத்திவிடுகிறது. விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய்; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 3,500. சமீப ஆண்டுகளில் கவுன்சிலிங்கில் பெயர் பதியவே 30,000 ரூபாய், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000. சீட்டு கிடைத்தால் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள் என்றாலும் முதலில் கையில் வேண்டுமே. விடைக்குறிப்பில் தவறு என்று ஒரு கேள்வியைச் சுட்டிக்காட்ட 1,000 ரூபாய். 2025ஆம் ஆண்டுத் தேர்வை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் வழக்குகள் போய், உச்ச நீதிமன்றம் அவற்றை டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியபோது, முதுநிலை வழக்கை விசாரித்த அந்த நீதிமன்றமே இந்த ஆயிரம் ரூபாய் மிக அதிகம் என்ற கருத்தைச் சொன்னது. இளம் வக்கீல்களுக்குப் பெருநகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எங்கள் பக்கம் எத்தனை ஜூனியர்களுக்கு அது கிடைக்கிறது என்பதை வாசிக்கிற வக்கீல்களே அறிவார்கள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் கிடைத்தாலே போதும் என்று இருக்கிற பிள்ளைக்கு 3,500 ரூபாய் என்பது ஒரு முடிவு. தேர்வு எழுதுவதா வேண்டாமா என்ற முடிவு.

நாமக்கல்லில் அரசு சட்டக் கல்லூரி 2019இல் வந்தது. சேலத்திலும் தேனியிலும் அதே ஆண்டு. அதற்கு முன் எங்கள் ஊர்ப் பெண்கள் சட்டம் படிக்க வேண்டுமென்றால் வீட்டை விட்டுத் தங்கியாக வேண்டும், அல்லது தினமும் நீண்ட பஸ் பயணம். கல்லூரி பக்கத்தில் வந்ததும் பெண்கள் சட்டம் படிப்பது கூடியிருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை இடம் என்று 2021இல் வந்த சட்டத்தில் சட்டப் படிப்பும் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது இளநிலையோடு நின்றுவிடுகிறது. அரசுப் பள்ளி, அரசு சட்டக் கல்லூரி என்று கைபிடித்துக் கூட்டிவந்த பிள்ளையை எல்.எல்.எம். வாசலில் தனியாக விட்டுவிடுகிறோம். திருச்சி நவலூர்குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் மாநிலச் சட்டத்தின் மூலம் உருவானது. ஓராண்டு எல்.எல்.எம். படிப்பு அங்கே உண்டு. எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். அந்த வளாகத்துக்குள் நுழைவதும் இதே ஆங்கிலத் தாள் வழியாகத்தான்.

நான் முதல்வன் திட்டத்தில் ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் 2023 முதல் தமிழ்நாடு அரசு கொடுக்கிறது. முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றால் மேலும் 25,000. அதே மனதோடு சட்ட மேற்படிப்பையும் பார்க்க வேண்டும். அவ்வளவு பணம்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு அரசு சட்டக் கல்லூரியிலும் கடைசி ஆண்டு மாணவர்களுக்கும் முடித்துப் போனவர்களுக்கும் சேர்த்து, ஜூலையிலிருந்து நவம்பர்வரை மாலையில் ஒரு வாசிப்பு வகுப்பு. பேராசிரியர்கள் இருக்கிறார்கள், நூலகம் இருக்கிறது, கட்டிடம் ஐந்து மணிக்கு மேல் காலியாக இருக்கிறது. தீர்ப்பை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விவாதிக்கும் வகுப்பாக அது இருக்கட்டும். முந்தைய ஆண்டு வினாத்தாள்களை அங்கேயே நேரம் குறித்து எழுத வைக்கட்டும். தேர்வுக் கட்டணத்தையும் கவுன்சிலிங் முன்பணத்தையும் அரசு கட்டட்டும். சீட்டு கிடைத்த பிறகு உதவித்தொகையோடு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதைக் கல்லூரியில் சொன்னால், சிலபஸில் இல்லை என்று ஒரு பதில் வரும். பி.எல். முடிக்கிற மாணவருக்கு ஒரு தீர்ப்பை முழுதாகப் படித்துச் சொல்ல வராவிட்டால் அவர் நாளைக்கு எந்தக் கோர்ட்டில் நின்று என்ன வாதாடுவார்? இந்த வகுப்பில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் எல்.எல்.எம். போகாமலே இருக்கலாம். அவர்கள் நல்ல வக்கீலாக வருவார்கள். சிவில் நீதிபதி தேர்வில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்ப்புத் தாள் இருக்கிறது; அதற்கும் இது கைகொடுக்கும். போட்ட உழைப்பு எந்தப் பக்கமும் வீணாகாது.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் சட்டக் கல்வி இயக்ககமும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும். மலைப் பழங்குடி மாணவர்கள் வந்து படிக்கிற நாமக்கல்லில் முதலில் தொடங்கினால் நல்லது. வாரத்துக்கு ஒரு மாலை பாடம் எடுக்க நான் வருவேன். என்னைப் போல வர இன்னும் பல வக்கீல்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் போதும்.

சீனியர் வக்கீல்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஆபீஸில் இந்தத் தேர்வுக்குப் படிக்கிற ஜூனியர் இருந்தால், அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். விண்ணப்பக் கட்டணத்தை நீங்களே கட்டிவிடுங்கள். ஒரு வாய்தாவுக்கு வாங்குகிற ஃபீஸுக்குள் அது அடங்கிவிடும்.